சர்வீஸ் பையன் – 17: டி டிரைவில் இருந்தவன்

"தம்பி, நீ தெருமுனைகூடத் திரும்பியிருக்க மாட்ட. அதுக்குள்ள மறுபடி வந்துருச்சுப்பா."

2009 ஆவணியில் சிவகாசியில் ஒரு வீட்டிலிருந்து வந்த போன் அது. அந்த அக்கா வீட்டிலேயே ஒரு சிஸ்டம் வைத்துக் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொடுப்பவர். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் நாற்காலியை விட்டு எழ மாட்டார். அந்தப் பெட்டியைப் பத்து நாளில் மூன்று முறை ஃபார்மட் அடித்திருந்தேன். முதல் தடவை 300 ரூபாய் கேட்டு வாங்கினேன். இரண்டாம் தடவை 150. மூன்றாம் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. அவரே நூறு ரூபாயை மேஜை மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த நூறோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டீ சொல்லியிருந்தேன். டீ வருவதற்குள் போன் வந்துவிட்டது.

"பென் டிரைவ் எதையும் சொருகினீங்களாக்கா?"

"தொடவே இல்லப்பா. நீ கிளம்புனதும் பத்திரிகையைத் திறந்தேன், அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. வாடிக்கையாளர் சொல்வதை நம்பாமலிருப்பதுதான் சர்வீஸ் தொழிலின் முதல் பாடம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். வெடித்தது என்றால், அந்த மாதிரிக் கோளாறுதான் எங்களுக்குப் பிடிக்கும். சத்தம் வரும், புகை வரும், கழற்றி மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வரலாம். வைரஸ் பிடித்த சிஸ்டம் அப்படியில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அக்கா வீட்டுப் பெட்டியில் போன வருஷ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும்கூட அழியாமல் இருந்தன. ஆனால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், டாஸ்க் மேனேஜரை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் முடக்கிவைத்திருக்கிறார் என்று ஒரு செய்தி வரும்.

"யாருப்பா அது அட்மினிஸ்ட்ரேட்டர்? இந்த வீட்ல அவரும் நானும்தான இருக்கோம்" என்றார் அக்கா.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் திறக்காது. ஆன்டிவைரஸ் போட்டால் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். இணையத்தில் மற்றதெல்லாம் வரும், ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் பக்கங்கள் மட்டும் வராது. சரி, சேஃப் மோடில் போய்ப் பார்க்கலாம் என்றால் நீலத் திரை வந்து நிற்கும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு நன்றாகப் பழகிய வைரஸ் ஒன்று உண்டு. மஞ்சள் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் பென் டிரைவில் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர்தானே என்று இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்தது கதை. ஆனாலும் அது தனி ஃபைல். அடையாளம் தெரிந்துவிட்டால் பிடித்து அழித்துவிடலாம், அரிசியில் புழு பொறுக்குகிற மாதிரி. அக்கா வீட்டில் வந்திருந்தது அந்த ஜாதி இல்லை. அரிசியையும் புழுவையும் சேர்த்து மாவாக அரைத்தாயிற்று, இனி எதைப் பொறுக்குவது?

அதன் பெயர் சாலிட்டி என்று பிறகு தெரிந்தது. 2003-லிருந்தே உலவிக்கொண்டிருந்தது. ரஷ்யாவில் சலவாத் என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்தப் பெயரிலிருந்துதான் இது வந்தது என்பார்கள். தனியாக ஒரு ஃபைலாக நிற்காமல், சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் நல்ல புரோகிராம்களுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும். எக்ஸ்இ என்று முடியும் ஃபைல், ஸ்கிரீன்சேவர் ஃபைல், இரண்டையும் டிரைவ் டிரைவாகத் தேடிப் போகும். ஒவ்வொரு ஃபைலிலும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால் ஒரே அடையாளத்தை வைத்துத் தேடிப் பிடிக்கவும் முடியாது. நீங்கள் கால்குலேட்டரைத் திறந்தால் கால்குலேட்டரும் வரும், அதோடு அதுவும் வரும். டாஸ்க் மேனேஜரை முடக்குவது, சேஃப் மோடுக்கான பதிவுகளை ரெஜிஸ்ட்ரியிலிருந்தே அழிப்பது, ஆன்டிவைரஸின் தகவல் ஃபைல்களைத் தேடி நீக்குவது எல்லாம் அதன் வேலைதான். வீட்டுக்குள் புகுந்தவன் முதலில் போன் வயரை அறுப்பது மாதிரி.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. பென் டிரைவ்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவிலும் நியாயம் இருந்தது. சிவகாசியில் பத்திரிகை டிசைன் முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றி, ஃபிலிம் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கடை சிஸ்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்குகிறது என்று எண்ணி முடியாது. அங்கிருந்து பிரஸ், பிரஸ்ஸிலிருந்து திருத்தத்தோடு மறுபடி வீடு. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஆட்டோரன் என்று ஒரு வசதி இருந்தது. சிடி போட்டால் தானாக ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. பென் டிரைவில் இரண்டு வரி எழுதிய ஒரு குட்டி ஃபைலை வைத்துவிட்டால், மை கம்ப்யூட்டரில் அந்த டிரைவை இரண்டு தட்டுத் தட்டுகிறவர் வைரஸைத்தான் தட்டுகிறார். சாலிட்டி இதையும் செய்யும். விண்டோஸிலேயே இருக்கிற நோட்பேடையோ, குண்டு தேடும் மைன்ஸ்வீப்பர் விளையாட்டையோ நகலெடுத்து, அதற்குள் தான் புகுந்துகொண்டு, வாயில் நுழையாத ஒரு பெயரில் பென் டிரைவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு நாங்கள் ஒரு நாட்டு வைத்தியம் வைத்திருந்தோம். வைரஸ் எழுதப்போகும் அந்த ஆட்டோரன் ஃபைலின் பெயரிலேயே பென் டிரைவில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிவிடுவது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபைலும் ஃபோல்டரும் இருக்க முடியாது என்பதால், வைரஸ் வந்து பார்த்தால் அதற்கு இடமிருக்காது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோம் அல்லவா, அதேதான். துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிற முரட்டு ஆட்கள் பஸ்ஸில் இருப்பது போல, அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டு உட்காருகிற வைரஸ்களும் இருந்தன. ஆனாலும் பாதிப் பேரை அந்தத் துண்டு தடுத்தது.

அக்காவின் பென் டிரைவுக்குத் துண்டு போட்டேன். ஃபிலிம் கடைக்குப் போய் அவர்கள் சிஸ்டத்தையும் பார்க்க வேண்டும் என்றேன். அந்த அண்ணாச்சி தலையே நிமிராமல், "உங்க அக்கா பென் டிரைவ்ல இருந்துதான் தம்பி எங்களுக்கே வந்துச்சு" என்றார். பிரஸ்ஸில் கேட்டால் ஃபிலிம் கடையைக் கைகாட்டினார்கள்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன்தான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டான். அவனிடம் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டுவின் சிடி ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் கேட்டு எழுதினால் வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாகவே சிடி அனுப்புவார்கள், தபால் செலவும் அவர்களுடையது. 2011-இல்தான் நிறுத்தினார்கள். அந்த சிடியைப் போட்டு சிஸ்டத்தைக் கிளப்பினால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. விண்டோஸ் தூங்கினால் அதற்குள் இருக்கும் வைரஸும் தூங்கும். தூங்குகிறவன் சட்டைப்பையை நிதானமாகத் துழாவலாம்.

அவன் முதலில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் சிஸ்டம் டாட் ஐ.என்.ஐ. என்ற பழைய ஃபைலைத் திறந்தான். கடைசியில் எம்.சி.ஐ.டி.ஆர்.வி. என்று தொடங்கும் ஒரு தலைப்பும், கீழே ஒரு நீண்ட எண்ணும் இருந்தன. "சாலிட்டிடா. எங்க லேப்ல இதே கையெழுத்தைப் பாத்துருக்கேன்" என்றான். பிறகு கேட்டான்: "ஃபார்மட் அடிச்சதும் முதல்ல என்ன செய்வ?"

"டிரைவர் போடுவேன்."

"எங்கிருந்து?"

டி டிரைவில் 'செட்டப்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். சவுண்ட் டிரைவர், டிஸ்ப்ளே டிரைவர், வின்ரார், பாட்டு கேட்க ஒன்று, பி.டி.எஃப். படிக்க ஒன்று. எந்த வீட்டுக்குப் போனாலும் டி டிரைவில் இப்படி ஒரு ஃபோல்டர் போட்டுவைப்பது என் பழக்கம், பெருமையும்கூட. அடுத்த முறை வரும்போது சிடி தேட வேண்டாம் பாருங்கள். போதாததற்கு மை கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் என் பெயரும் போன் நம்பரும் தெரிகிற மாதிரியும் செய்துவைப்பேன்.

அவன் தன்னிடம் இருந்த சிடியில் அதே வின்ரார் செட்டப்பை எடுத்தான். இரண்டும் ஒரே வெர்ஷன். சிடியில் இருந்ததைவிட டி டிரைவில் இருந்தது பல கே.பி. எடை கூடுதலாக இருந்தது. சவுண்ட் டிரைவரும் அப்படியே.

அக்கா பொய் சொல்லவில்லை. பென் டிரைவைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் சி டிரைவைத் துடைத்துச் சுத்தமாக எக்ஸ்.பி. ஏற்றியதும், என் கையாலேயே டி டிரைவிலிருந்து சவுண்ட் டிரைவரை ஓடவிட்டிருக்கிறேன். புது விண்டோஸுக்கு வயது ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூன்று தடவையும் இதேதான் நடந்திருக்கிறது, மூன்று தடவையும் காசு வாங்கியிருக்கிறேன்.

சுத்தம் செய்கிற வேலை சொல்லச் சொல்லச் சலிப்புதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஸ்பர்ஸ்கி கம்பெனி சாலிட்டிக்கென்றே ஒரு சின்னக் கருவியை இலவசமாகக் கொடுத்திருந்தது. அதை பென் டிரைவில் கொண்டுபோனால் சிஸ்டத்தில் சொருகிய நொடியில் அந்தக் கருவிக்கே வைரஸ் பிடித்துவிடும், அதுவும் ஓர் எக்ஸ்இ ஃபைல்தானே. அதனால் லேபில் உபுண்டு ஓடும் சிஸ்டத்தில் இறக்கி, ஒரு தடவைதான் எழுத முடியும் என்கிற சிடியில் எழுதிக்கொண்டோம். பதினைந்து ரூபாய் சிடி. அதன் மேல் எந்த வைரஸாலும் எழுத முடியாது. நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, சிடியிலிருந்தே ஓடவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினோம். அக்காவின் டிசைன் ஃபைல்கள், படங்கள், ஃபான்ட் எதிலும் ஒரு கீறல் இல்லை. சாலிட்டிக்கு அதெல்லாம் வேண்டாம், அதற்குப் புரோகிராம்தான் தீனி. டி டிரைவில் இருந்த எக்ஸ்இ ஃபைல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடு என்றான் நண்பன்.

ஒன்றைத் தவிர. தமிழ் டைப் அடிக்க அக்கா வைத்திருந்த பழைய கீபோர்டு புரோகிராமின் ஒரிஜினல் சிடி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், அந்த லே-அவுட் இல்லையென்றால் கை ஓடாது. அந்த ஃபான்ட்டுகளும் யூனிகோட் வருவதற்கு முந்தைய சரக்கு, வேறு கீபோர்டுக்கு மசியாது. அழித்தால் தொழில் போச்சு, வைத்தால் வைரஸ் போகாது. கருவி அதற்குள்ளிருந்து வைரஸைக் கழற்றி எடுத்தது. எடுத்த பிறகு அது ஓடுமா என்பது யாருக்கும் தெரியாது. அக்கா வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்க்காமல் 'நிகழும் மங்களகரமான' என்று அடித்தார். எழுத்து சரியாக விழுந்தது. எழுந்து போய் மூன்று பேருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

பல வருஷம் கழித்து ஓர் ஆய்வைப் படித்தேன். சாலிட்டி பிடித்த சிஸ்டங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, எவனோ ஒருவனின் உத்தரவுக்குக் காத்திருக்கும் பெரும் படையாக இருந்திருக்கின்றன. 2011 பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் முகவரிகளிலிருந்து அந்தப் படை 12 நாள் நிதானமாக, யார் கண்ணிலும் படாத வேகத்தில், உலக இணையம் முழுவதும் இணையவழித் தொலைபேசிக் கருவிகளைத் தட்டிப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்த ஆய்வாளர்கள் பிறகு அதைக் கண்டுபிடித்தார்கள். அதே பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட், பென் டிரைவ் ஆட்டோரனை எக்ஸ்.பி.யில் நிறுத்தும் அப்டேட்டை எல்லோருக்கும் தானாகப் போகும்படி அனுப்பியது. எங்கள் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு அது போயிருக்காது. ஓ.எஸ். போட்டு முடித்ததும் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவிடுவதுதான் எங்கள் முதல் வேலை. கள்ள சிடியில் போட்ட விண்டோஸ் அப்டேட் ஆனால், இது ஒரிஜினல் இல்லை என்று திரையில் வந்து நிற்கும். வாடிக்கையாளர் போன் செய்வார். பூட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் திருடனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, அந்த செட்டப் எங்க வீட்டுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

என் பையில் இருந்த பென் டிரைவிலிருந்துதான். லேபுக்குப் போய் உபுண்டுவில் சொருகிப் பார்த்தோம். வின்ரார் அதே கூடுதல் எடையில் இருந்தது. எந்த வீட்டில் ஏறியது, அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் இறக்கினேன் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மறுநாள் அக்காவிடம் 550 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து 300-ஐ எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் திணித்தார்.

நான் போன வீடுகளையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பேன். மூன்று மாதக் கணக்கில் 26 வீடுகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, காசு வேண்டாம், வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். ஒன்பது பேர் வரச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, காசு பிடுங்கப் புது வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள். திருத்தங்கலில் ஒரு பெரியவர் மட்டும் பொறுமையாக முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ போட்டுக் குடுத்ததுல இருந்து நல்லாத்தான் ஓடுது தம்பி. வந்து கைய வச்சுக் கெடுத்துறாத."