ஆறிவிட்ட புண்

1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் திரட்டி வேலூருக்கு அனுப்பிய ரத்த மாதிரிகளில் இந்த தேசத்தின் முதல் எச்.ஐ.வி. தொற்று வெளிப்பட்ட நாள் முதலாக, சர்க்கார் நடத்திவந்துள்ள பிரசாரம் அற்பமானதன்று. எய்ட்ஸ் விளம்பரங்களின் கற்பனைப் பாத்திரமான புள்ளிராஜாவைப் பற்றிய பலகைகளை ஒரு காலத்தில் பஸ் பிரயாணிகள் எல்லோரும் படித்தார்கள்; பலர் சிரித்தார்கள், சிலர் யோசித்தார்கள். அதன் பயனாக, எய்ட்ஸ் என்ற பெயரை அறியாத கல்லூரி மாணவன் இன்று அபூர்வம். ஆனால் கொனோரியா என்னும் வெட்டையையும் மேகப்புண்ணையும் அவன் பாட்டனார் காலத்து வியாதிகளென்று எண்ணியிருக்கிறான். கிளமீடியா என்ற பெயரோ அவன் காதில் விழுந்தே இராது. குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டுமே 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 37 கோடிக்கு மேல் புதிதாக உண்டாயின என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு.

இவற்றுள் சிபிலிஸ் என்னும் மேகப்புண்ணின் சுபாவம் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் வலியே இல்லாத ஒரு சிறு புண் தோன்றி, மருந்திட்டாலும் இடாவிட்டாலும் சில வாரங்களில் தானே ஆறிவிட, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்புதான் குணப்படுத்தியது என்று நம்பி வாலிபன் நிம்மதியாக உறங்குகையில், கிருமியோ ரத்தத்தில் சஞ்சரித்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வெளிப்பட்டு, அதுவும் மறைந்து, பல வருஷங்களுக்குப் பின் இருதயத்தையோ மூளையையோ பற்றக்கூடும். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கும் பரவும். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் ஒரே வேளை பெனிசிலின் ஊசி போதும். கிளமீடியா இன்னும் மௌனமானது. பெரும்பாலான பெண்களிடம் அது யாதொரு குறியும் காட்டாமலே இருக்கிறது; சிலரிடம் கருக்குழாயைக் கெடுத்து, குழந்தையில்லையே என்று தம்பதிகள் டாக்டரை நாடும்போதுதான் தெரியவருகிறது.

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க லஜ்ஜைப்படும் பிள்ளை, மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாமிடும் வைத்தியரிடம் ரகசியமாகப் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை. அத்தகைய வைத்தியர் பலர் சொப்பன ஸ்கலிதத்தைப் பெரும் வியாதியாக வர்ணித்து, இல்லாத நோய்க்கு லேகியம் தருகிறார்கள். இருக்கிற நோயோ பரிசோதனையின்றி வளர்கிறது.

இத்தனைக்கும், சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டணமில்லை, ரகசியமும் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் பேசிச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம். ஆயினும் 18 வயது நிரம்பாதவருக்கு அந்தப் பரிசோதனை செய்யப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. யாருக்குத் தெரியலாகாது என்று பிள்ளை நடுங்குகிறானோ அவருடைய கையெழுத்தையே கேட்கும் இவ்விதியை, சிறுவரைக் காக்கும் நோக்கம் கெடாமல் எவ்விதம் தளர்த்தலாம் என்று வைத்தியர்களும் வக்கீல்களும் கூடி ஆலோசிப்பது, டிசம்பர் முதல் தேதியின் உலக எய்ட்ஸ் தின ஊர்வலங்களைவிட அவசரமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.