புறா வால் பெட்டகம்

"கரண்டி பிடிக்கிற கையிலே உளியா? விரலை வெட்டிக்கிட்டு நிற்கப் போறே!"

என் கணவர் இப்படிச் சொன்னபோது எனக்கும் உள்ளூரப் பயம்தான். பத்தாவது வரை படித்தவள் நான். அடுப்படியும் ஊறுகாய் ஜாடியும்தான் என் ராஜ்யம். நாற்பத்தாறு வயதில் நீ தச்சு வேலை கற்றுக்கொள்வாய் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் சகோதரிகளே, இதை எழுதும்போது எதிரே கூடத்தில் நான் செய்த மரப் பெட்டகம் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கம்பளிகள் அத்தனையும் அதற்குள் அடக்கம்!

நாங்கள் இருப்பது கோத்தகிரியில். மார்கழி, தை மாதங்களில் ஆளுக்கு இரண்டு கம்பளி இல்லாமல் தூக்கம் வராது. குளிர் குறைந்ததும் அவற்றை ஓதம் ஏறாமல், அந்துப்பூச்சி அரிக்காமல் பத்திரப்படுத்த வேண்டும். மாமியாரின் பழைய தகரப் பெட்டி துருப்பிடித்து, போர்வையெல்லாம் காவிக் கறை. "பேத்தி பிரசவத்துக்கு வர்றதுக்குள்ளே ஒரு நல்ல பெட்டகம் செஞ்சுடறேன்" என்று மாமனார் கிளம்பினார்.

மாமா பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அங்கே பெருக்குவதற்குக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. "சாமான் மேலே கை படக்கூடாதும்மா" என்பார். பல வருஷமாகப் பரணில் உலர வைத்திருந்த சில்வர் ஓக் பலகைகளை இறக்கி, இரண்டிரண்டாக ஒட்டி அகலமாக்கி, இழைத்து வைத்தார். அத்தோடு வேலை நின்றது.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலை, காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் லேசாகக் கோணியது, பேச்சு குழறியது. "வாயுவாக இருக்கும்" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். மூன்று மணி நேரத்தை அப்படி வீணாக்கியது நாங்கள்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. முகம் கோணல், கை பலவீனம், பேச்சுக் குழறல் – இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சாதாரணமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாமா உயிர் பிழைத்தார். வலது கைதான் திரும்பவில்லை. தினமும் தடியூன்றிப் போய்க் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடும் குறைந்தது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நீங்க சொல்லுங்க. நான் வெட்டறேன்."

ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு இடது கையால் சாணைக்கல்லைக் காட்டினார்.

ஒரு வாரம் உளி தீட்டினேன். வேறு ஒன்றும் செய்ய விடவில்லை. காகிதத்தின் விளிம்பில் வைத்தால் சத்தமில்லாமல் அறுக்க வேண்டும், அதுதான் பரீட்சை. மழுங்கிய உளிதான் ஆபத்து. அதை அழுத்தி ஓட்ட வேண்டியிருக்கும், வழுக்கினால் கையில் பாயும். உளி போகும் பாதையில் எந்தக் கையும் இருக்கக் கூடாது. சில்வர் ஓக் தூள் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும். எனக்கும் முழங்கையில் தடித்தது. அதன் பிறகு முழுக்கைச் சட்டையும் முகமூடியும்தான்.

அவருக்கு வார்த்தைகள் சீக்கிரம் வராது. அதனால் எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாயிற்று. தடியால் தரையில் ஒரு தட்டு என்றால் 'நிறுத்து'. இரண்டு தட்டு என்றால் 'வெட்டு'.

பெட்டகத்தின் நீளம் 3 அடி, அகலம் 18 அங்குலம், உயரம் 15 அங்குலம். பலகையின் கனம் முக்கால் அங்குலம். நான்கு மூலைகளிலும் ஆணி கிடையாது. புறா வால் இணைப்புதான். ஒரு பலகையின் முனையை, விரித்த புறா வால் மாதிரி நுனி அகன்றும் அடி குறுகியும் வெட்டுகிறோம். அடுத்த பலகையில் அதற்கு ஏற்ற பற்கள். இரண்டும் கோத்துக்கொண்டால் வால் இருக்கும் பலகையை நீளவாக்கில் இழுத்துப் பிரிக்க முடியாது. நுனி அகலமாயிற்றே, எப்படி வெளியே வரும்! பசை ஒரு துணை, அவ்வளவுதான். பழங்கால எகிப்தியரின் மரச் சாமான்களிலேயே இந்த இணைப்பு இருக்கிறதாம்.

வால் எந்தப் பலகையில், பல் எந்தப் பலகையில்? கம்பளியைத் திணித்தால் பெட்டகத்தின் முன் பலகையும் பின் பலகையும்தான் வெளியே பிதுங்கப் பார்க்கும். ஆகவே பக்கப் பலகைகள் இரண்டிலும் வால். முன், பின் பலகைகளில் பல். இப்படிச் செய்தால் பிதுங்கும் பலகைகளை வால்கள் பிடித்து நிறுத்தும். மரத்தின் ரேகை நான்கு பலகையிலும் படுக்கையாகவே ஓட வேண்டும். மரம் ஈரத்தில் உப்புவது அகலத்தில்தான்; நீளத்தில் அதிகம் மாறாது. நாலும் ஒரே திசையில் இருந்தால் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும், மூலை வெடிக்காது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முனைகளை மூலைமட்டத்துக்குச் சரியாக அறுத்துக்கொண்டு, எதிர்ப் பலகையின் கனத்தை முனையிலிருந்து அளந்து சுற்றிலும் கத்தியால் ஒரு கோடு கீற வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி ரம்பமும் போகக் கூடாது, உளியும் போகக் கூடாது. பிறகு வாலின் சரிவு. 6 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சரிவு. கெட்டி மரமானால் 8க்கு 1. அதிகம் சரித்தால் வாலின் ஓரம் உடையும், குறைத்தால் பிடிப்பு போதாது. மூலைக்கு ஐந்து வால் வீதம் மொத்தம் 20 வால். எங்கே கழிக்க வேண்டுமோ அங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கமாகவே ரம்பம் ஓட்ட வேண்டும். நடுவில் உள்ள கழிவை உளியும் கொட்டாப்புளியும் வைத்துப் பாதி ஆழம் ஒரு பக்கம், பலகையைத் திருப்பி மீதிப் பாதி மறுபக்கம் என்று எடுக்க வேண்டும். ஒரே பக்கமாக அடித்தால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு போகும்.

பல்லை அளவுகோலால் அளக்கவே கூடாது. வெட்டி முடித்த வாலை எதிர்ப் பலகையின் முனைமேல் வைத்து, கத்தி நுனியால் அப்படியே வரைந்துகொள்ள வேண்டும். வால் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பல்லும் அதே கோணலில் வந்துவிடும். "வாலைப் பார்த்துத்தான் பல்லு" – அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மாமாவுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் காத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் அவர் பாதியில் நிறுத்தினால் மீதியை நாமே சொல்லி முடித்துவிடுவோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அது அவருக்கு எத்தனை வேதனையாக இருந்திருக்கும் என்று.

முதல் பதினைந்து நாள் வீண் கட்டைகளில் பழகினேன். அப்படியும் முதல் மூலையிலேயே தப்புச் செய்தேன். குக்கர் விசில் சத்தம் கேட்ட அவசரத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ரம்பத்தை ஓட்டிவிட்டேன். தடி ஒரு தட்டுத் தட்டியது என் காதில் விழவே இல்லை. கோத்துப் பார்த்தால் வாலுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி! எத்தனை வருஷம் உலர்த்திய பலகை... எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா கோபிக்கவில்லை. அதே மரத்தில் மெல்லிய சிம்பு ஒன்றைச் சீவச் சொன்னார். பசை தடவி, ஒட்டும்போது அந்த இடைவெளியில் செருகி, காய்ந்த பின் மட்டமாகச் சீவினோம். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். "நான் செஞ்ச மொதப் பெட்டியிலே இது மாதிரி ஆறு இருந்திச்சு" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது மூலை சுமார். மூன்றாவது நன்றாக வந்தது. நான்காவது கொட்டாப்புளி ஒரு தட்டில் 'டக்' என்று உட்கார்ந்தது. அடிப்பலகைகளை ஒட்டவில்லை. உள்ளே திருகிய கட்டைகள்மேல் சிறு இடைவெளி விட்டுப் பரப்பினோம். உப்பினாலும் இடம் இருக்கும்.

இளம் தாய்மார்கள் மூடியைப் பற்றி மட்டும் அவசியம் படியுங்கள். கனமான மூடி குழந்தையின் தலையிலோ கழுத்திலோ விழுந்தால் விபரீதம். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து, மூடி சாத்திக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். அதனால், எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கிற மாதிரி மூடிக்குத் தாங்கு கம்பி போட்டோம். தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் வைக்கவில்லை. இரண்டு பக்கப் பலகைகளிலும் காற்றுத் துளை போட்டு, பூச்சி நுழையாமல் உட்புறம் மெல்லிய கம்பி வலை அடித்தோம். வீட்டில் பழைய பெட்டி இருந்தால் இவற்றை இன்றே பாருங்கள்.

வெளியே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. உள்ளே ஒன்றும் பூசவில்லை. பூசினால் அந்த வாசனை கம்பளியில் ஏறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

அந்துருண்டையும் போடவில்லை. நாப்தலீன் உருண்டையோடு வைத்திருந்த துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. கம்பளிகளை அழுக்கும் வியர்வையும் போகத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, தட்டித் துலக்கி வைத்தாலே பாதிப் பூச்சி போய்விடும். மாதம் ஒரு முறை எடுத்து உதறி வெயில் காட்டுகிறேன். காய்ந்த வேப்பிலைப் பொட்டலம் மாமியாரின் திருப்திக்காக!

வளைகாப்புக்கு நான்கு நாள் முன்னால் வேலை முடிந்தது. மகள் வந்ததும் மூடியைத் திறந்து பார்த்து, "தாத்தா, பிரமாதம்!" என்றாள். மாமா இடது கையால் என்னைக் காட்டினார். "கை அவளோடது" என்று சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை.

இன்னும் நாலு பலகை மீதி இருந்தது. தொட்டில் செய்யலாமா என்று கேட்டேன். "பொறக்கறதுக்கு முந்தி தொட்டில் செய்யக் கூடாது" என்று மாமியார் தடை போட்டுவிட்டார். சரி, காத்திருந்தோம்.

பேரன் பிறந்து இன்றோடு பதினோரு நாள். காலையில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கொட்டகையிலிருந்து தடிச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.