சிலுவை எவ்வாறு பலிபீடமாயிற்று?

ரோமப் பேரரசின் யூதேயா மாகாணத்தில், ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி, கி.பி. 30ஆம் ஆண்டை ஒட்டி நாசரேத்து இயேசு கொல்லப்பட்டது ஒரு மரண தண்டனையே தவிர, அக்கால யூத முறைப்படி பார்த்தால் எவ்வகையிலும் பலி அன்று. பலி என்றால் எருசலேம் ஆலயத்தின் பலிபீடம் வேண்டும், ஆரோன் வழிவந்த ஆசாரியர் வேண்டும், பழுதற்ற விலங்கு வேண்டும். நகர வாயிலுக்கு வெளியே வேற்றினப் படைவீரர்கள் மரத்தில் அறைந்து கொன்ற ஒருவரின் சாவில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை என்பதோடு, மனிதரைப் பலியிடுவதை எபிரேய வேதம் அருவருப்பாகவே எண்ணுகிறது. ஆயினும் 25 ஆண்டுகள் கழிவதற்குள், கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல், கிறிஸ்துவைப் பலியிடப்பட்ட பஸ்கா ஆடாகக் குறிப்பிடுகிறார். படிப்பவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தி என்பதுபோல, எந்த விளக்கமும் தராமல் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். ஒரு கொலைத் தண்டனையைப் பலியாக மாற்றிய இந்த வாசிப்பு, விவிலியத்தின் மூன்றாம் நூலாகிய லேவியராகமத்தையும் அதையொட்டிய பகுதிகளையும் பின்னோக்கிப் படித்ததன் விளைவாகும்.

இந்த வாசிப்பைக் கோட்பாடாக வகுத்துத் தந்தது, முதல் நூற்றாண்டின் பிற்பாதியில் பெயர் குறிப்பிடாத ஒருவர் எழுதிய எபிரெயர் நிருபம். திருச்சட்டத்தில் இருப்பது வரவிருந்த நன்மைகளின் நிழல் மட்டுமே, பொருள் கிறிஸ்துவிடம் இருக்கிறது என்பது அதன் மையக் கருத்து. அதற்கு அந்நூலாசிரியர் காட்டும் காரணம் எளிமையானது: ஆண்டுதோறும் அதே பலியைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருப்பதே, அது காரியத்தை முடிக்கவில்லை என்பதற்குச் சான்று, ஆசாரியர் நாள்தோறும் நின்றுகொண்டே பணிசெய்கிறார், கிறிஸ்துவோ ஒரே முறை தம்மைப் பலியாக்கிவிட்டு அமர்ந்துவிட்டார். இவ்வாறு முன்னே நடந்த ஒரு நிகழ்வையோ சடங்கையோ ஆளையோ பின்னே வரப்போகும் ஒன்றின் வடிவமாகக் கொள்வதை முன்னடையாளம் என்றும், தமிழ்ச் சபைப் பிரசங்கங்களில் நிழலாட்டம் என்றும் கூறுவர். தீர்க்கதரிசனம் சொல்லால் முன்னறிவிப்பது என்றால், முன்னடையாளம் செயலால் முன்னறிவிப்பது. அச்செயலைச் செய்தவர்களுக்கு அது முன்னறிவிப்பு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் ஐவகைப் பலிகளை விவரிக்கின்றன. முதலாவதான சர்வாங்க தகனபலியில், பலி கொண்டுவந்தவர் விலங்கின் தலைமேல் கைவைத்து, பெரும்பாலும் தாமே அதை அறுக்க, ஆசாரியர் இரத்தத்தைப் பீடத்தைச் சுற்றித் தெளிப்பார்; தோலுரித்துத் துண்டாக்கி, குடலையும் கால்களையும் தண்ணீரில் கழுவியபின், ஆசாரியர் முழுவதையும் எரித்துவிடுவார். தோல் மட்டும் ஆசாரியருக்கு உரியது. எதையும் மிச்சம் வைக்காத இந்தப் பலியில், தம்மை முழுவதுமாக ஒப்புக்கொடுத்த கிறிஸ்துவைக் கிறிஸ்தவர்கள் கண்டனர். மெல்லிய மாவும் எண்ணெயும் குங்கிலியமும் உப்பும் சேர்ந்த போஜனபலியில் புளித்த மாவுக்கும் தேனுக்கும் தடை இருந்ததால், அது அவருடைய மாசற்ற வாழ்க்கைக்கு அடையாளமாயிற்று. கொழுப்பை இறைவனுக்கு எரித்து, நெஞ்சுப் பகுதியையும் வலது தொடையையும் ஆசாரியருக்குக் கொடுத்து, எஞ்சியதைக் குடும்பத்தோடு உண்ணும் சமாதானபலி, இறைவனோடு ஒப்புரவாகி ஒரே பந்தியில் அமர்வதற்கு அடையாளமாயிற்று. அறியாமல் செய்த தவற்றால் வந்த தீட்டுக்குப் பாவநிவாரணபலியும், பிறருக்கோ ஆலயத்துக்கோ உரியதை அபகரித்தவர் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் திருப்பிக் கொடுத்துச் செலுத்தும் குற்றநிவாரணபலியும் எஞ்சிய இரண்டு. ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரம், பிறருக்காகத் துன்புறும் ஓர் ஊழியரின் உயிர் குற்றநிவாரணபலி ஆவதாகக் கூறுகிறது. விலங்குக்குப் பதிலாக ஒரு மனிதரை அந்த இடத்தில் வைத்துப் பேசும் இப்பகுதி இல்லையென்றால், லேவியராகமத்திலிருந்து சிலுவைக்கு வந்து சேரும் பாதை கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பஸ்கா ஆட்டின் ஒப்புமை எல்லாவற்றிலும் பெயர்பெற்றது. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற இரவில், ஒரு வயதான பழுதற்ற ஆண் குட்டியின் இரத்தத்தை ஈசோப்புக் கொத்தால் வாசல் நிலைகளில் பூசினர்; அதன் எலும்பு எதையும் முறிக்கக் கூடாது என்பது கட்டளை. யோவான் நற்செய்தி இவ்விவரங்களை ஒன்றுவிடாமல் மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. மற்ற மூன்று நற்செய்திகள் இயேசுவின் கடைசி உணவையே பஸ்கா விருந்தாகக் காட்ட, யோவான் மட்டும் அவர் பஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளில் இறந்ததாகக் கணக்கிடுகிறார். அது ஆலயத்தில் பஸ்கா ஆடுகள் அறுக்கப்படும் நாள். சிலுவையில் அவருக்குக் காடி நீட்டப்படுவது ஈசோப்புத் தண்டில். உடன் சிலுவையில் அறையப்பட்ட மற்ற இருவரின் கால்களை முறித்த வீரர்கள் அவர் கால்களை முறிக்காமல் விட்டதை, வேதவாக்கு நிறைவேறியதாகவே யோவான் குறிக்கிறார். பொருத்தம் இவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், பஸ்கா ஆடு பாவத்துக்கான பலி அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அது மீட்பின் நினைவு உணவு. உலகின் பாவத்தைச் சுமந்து நீக்கும் ஆட்டுக்குட்டி என்று அதே நற்செய்தியில் யோவான் ஸ்நானகன் இயேசுவைச் சுட்டுகையில், பஸ்காக் குட்டியின் மேல் வேறொரு விலங்கின் வேலையும் ஏற்றப்படுகிறது.

அந்த வேறொரு விலங்கு, லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வரும் வெள்ளாடு. ஆண்டுக்கொரு முறை வரும் பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் தம் பகட்டான உடைகளைக் களைந்து வெறும் சணல்நூல் உடை அணிந்து, இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களின்மேல் சீட்டுப் போடுவார். ஒன்று ஆண்டவருக்கு, அதை அறுத்து, ஆலயத்தின் திரைக்கு அப்பாலுள்ள மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அந்த ஒரே நாளில் மட்டும் நுழைந்து, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின் முன்னே ஏழு முறை இரத்தத்தைத் தெளிப்பார். மற்றது போக்காடு, அதன் தலையில் இரு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசம் அதைப் பாலைவனத்துக்கு ஓட்டிவிடுவார். கொல்லப்படும் ஆடு பாவத்தைச் சுமப்பதில்லை, பாவத்தைச் சுமக்கும் ஆட்டை லேவியராகமம் கொல்லச் சொல்வதுமில்லை. கிறிஸ்தவ வாசிப்பில் இவ்விரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாகின்றன. வியப்பு என்னவென்றால், பாவநிவாரண நாளை அடிமுதல் நுனிவரை விரித்துப் பேசும் எபிரெயர் நிருபம், போக்காட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அறுக்கப்பட்ட விலங்குகளின் உடல் பாளையத்துக்கு வெளியே எரிக்கப்பட்டதையே பிடித்துக்கொண்டு, இயேசு நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றதோடு அதைப் பொருத்துகிறது.

எபிரெயர் நிருபம் விட்டதைப் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டனர். பர்னபாவின் பெயரால் வழங்கும் பழைய நிருபம், போக்காட்டின் தலையில் சிவப்புக் கம்பளி நூல் கட்டப்பட்டதையும் அதன்மேல் துப்பி அதை விரட்டியதையும் சொல்லி, செவ்வாடை போர்த்தி ஏளனம் செய்யப்பட்ட கிறிஸ்துவை அதில் காண்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினுக்கு இரண்டு ஆடுகளும் கிறிஸ்துவின் இரண்டு வருகைகள். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகனுக்கோ அறுக்கப்பட்ட ஆடு இயேசு, உயிரோடு போன ஆடு பிலாத்து விடுதலை செய்த பரபாஸ். ஒரே ஆடு ஒருவருக்குக் கிறிஸ்துவாகவும் இன்னொருவருக்குக் கொலைக் கைதியாகவும் தெரிகிறது என்பதே, இந்த முறைக்குள் கடிவாளம் எதுவும் இல்லை என்பதைக் காட்டிவிடுகிறது. இன்றும், ஆலயத்துக்கு முன்பிருந்த வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக்கூடாரத்தின் முளைகளுக்கும் கயிறுகளுக்கும்கூடத் தனித்தனியே பொருள் சொல்லும் போதகர்கள் உண்டு. ஓரிகன் அவர்களுக்கெல்லாம் மூதாதை. ஆனால் ஜஸ்டின் கற்பனையை மட்டும் நம்பியவர் அல்லர். பஸ்கா ஆட்டை நெடுக ஒரு கோலும் குறுக்கே ஒரு கோலும் செருகிச் சிலுவை வடிவில் சுட்டதாக அவர் எழுதுகிறார். அவர் பிறந்த ஊர், இன்றைக்கு நாப்லுஸ் எனப்படும் நெயாப்போலிஸ், சமாரியர்கள் இன்றளவும் பஸ்கா ஆடுகளை அறுத்து முழுதாகக் குழியடுப்பில் சுடும் கெரிசீம் மலையின் அடிவாரத்தில் உள்ளது. அவர் எழுதியது கண்ணால் கண்டதாகவே இருக்கக்கூடும்.

இந்த வாசிப்பு வெறும் பக்திச் சுவைக்காக வளர்ந்ததன்று. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர், இரத்தம் கேட்கும் எபிரேய வேதத்தின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று கூறி அந்த வேதத்தையே கழித்துவிட்டார். அவரை மறுத்த திருச்சபைக்கு லேவியராகமத்தைக் கைவிடவும் முடியாது, அதன்படி ஆடறுக்கவும் முடியாது. இரண்டுக்கும் இடையே வழி தந்தது நிழற்கொள்கையே. அந்த வழி என்ன விலை கேட்டது என்பதைச் சர்தை நகர ஆயர் மெலித்தோனின் பஸ்கா உரை காட்டுகிறது. கட்டடம் எழும்பும் முன் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ செய்யும் மாதிரி, கட்டடம் எழுந்தபின் பயனற்றுப் போவதுபோல, இஸ்ரவேலின் பஸ்காவும் பயனற்றுப் போயிற்று என்கிறார் அவர். அதே உரையில் இறைவனைக் கொன்ற பழியை அந்த மக்கள்மேல் சுமத்தவும் செய்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் யூதர்கள் பட்ட துன்பத்துக்கு இத்தகைய பேச்சு எண்ணெய் வார்த்தது என்பதை மறுக்க முடியாது.

ஆலயமே கி.பி. 70இல் ரோமப் படையால் அழிக்கப்பட்டபின், பலியின்றி வாழ யூதர்களும் வழி தேட வேண்டியிருந்தது. இடிபாடுகளைப் பார்த்து, பாவநிவாரணத்துக்கு இடமில்லாமல் போயிற்றே என்று புலம்பிய சீடருக்கு, இரக்கச் செயல்கள் அதற்கு ஈடான நிவாரணம் என்று ரபி யோகனான் பென் சக்காய் ஓசியா நூலை மேற்கோள் காட்டி விடையளித்ததாக ரபிமார் மரபு கூறுகிறது. அதே ஓசியா வசனத்தை மத்தேயு நற்செய்தியில் இயேசுவும் இருமுறை எடுத்தாள்கிறார். ஏசாயாவின் துன்புறும் ஊழியரை, 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி இஸ்ரவேல் மக்களாகவே கொண்டார். 12ஆம் நூற்றாண்டின் மைமோனிதெஸ், சுற்றிலும் எல்லா இனத்தாரும் பலியிட்ட காலத்தில் பழகிப்போன மக்களை மெல்ல மெல்ல விடுவிக்கவே இறைவன் பலிகளுக்கு இடம்கொடுத்தார் என்றார். இருபதாம் நூற்றாண்டில் லேவியராகமத்துக்கு விரிவான உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்கிரம், பாவநிவாரணபலியின் இரத்தம் தூய்மைப்படுத்துவது பாவியை அன்று, பாவத்தால் தீட்டுப்பட்ட ஆலயத்தை என்று வாதிட்டார். ஆடும் புறாவும் வாங்க இயலாத வறியவர் கொஞ்சம் மாவைக் கொண்டுவந்தாலே போதும் என்று லேவியராகமம் 5ஆம் அதிகாரம் சொல்வதால், இரத்தமின்றி மன்னிப்பே இல்லை என்று பொதுவிதியாகச் சொல்வதற்கும் இல்லை. அக்கூற்று வரும் வசனத்தில் எபிரெயர் நிருபமே 'ஏறக்குறைய' என்ற பொருள்படும் அடை ஒன்றைச் சேர்த்திருப்பதைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 2001இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பாப்பிறை விவிலிய ஆணையம், கிறிஸ்தவ வாசிப்பு பின்னோக்கிய வாசிப்பு என்பதையும், எபிரேய வேதத்தை யூதர்கள் படிக்கும் முறையும் இயலக்கூடிய ஒன்றே என்பதையும் ஒப்புக்கொண்டது.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் இது சண்டையின்றிப் போகவில்லை. ஒரே முறை என்ற எபிரெயர் நிருபத்தின் சொல்லைப் பற்றிக்கொண்ட சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கரின் கோயில் பூசையைப் பலி என்பது கூடாது என்றனர்; 1562இல் திரெந்து சங்கம், சிலுவையில் இரத்தம் சிந்திச் செலுத்தப்பட்ட அதே பலி பூசையில் இரத்தமின்றிச் செலுத்தப்படுகிறது என்று விடையளித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் அதைத் திருப்பலி என்றே அழைக்க, சீர்திருத்தச் சபையினர் திருவிருந்து என்கின்றனர்.

தமிழில் இந்த விவாதத்துக்கு யாரும் எதிர்பாராத ஒரு திருப்பமும் நேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பீட்டர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், அப்பணியால் விவிலியத்தை வரிவரியாக அறிந்தவராகி, 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலில், மிஷனரிகள் பழித்த கோயில் வழிபாட்டு முறைகளுக்கு ஒப்பானவை எபிரேயரின் வழிபாட்டிலும் உண்டு என்று விவிலிய மேற்கோள்களைக் கொண்டே எடுத்துக்காட்டினார். விளக்கும் தூபமும் படையலும் அங்கே இறைவனே இட்ட கட்டளை என்றால், இங்கே மட்டும் அவை அறியாமை ஆவது எப்படி என்பதே அவர் எழுப்பிய சிக்கல். அவை வரவிருந்தவரின் நிழல்கள், அவர் வந்ததும் காலாவதியாயின என்பதே கிறிஸ்தவத் தரப்புக்கு எஞ்சிய விடை. ஆனால் அந்த விடையைச் சொல்பவர், புறச்சடங்கு என்பதாலேயே ஒன்று இழிவானது என்ற வாதத்தை அதற்குமுன் கைவிட்டாக வேண்டும்.