மூன்று நிமிடத் தட்டில் ஒரு குரல்: கே.பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டுப் பயணம்

தைப்பூசம் நெருங்கினால் பத்துமலைக்குப் போகும் வழியில் ஒலிபெருக்கிகளில் ஒரு பெண் குரல் கணீரென்று கேட்கும். பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகனை ஔவையார் சமாதானப்படுத்தும் 'திருவிளையாடல்' படப் பாடல் அது. நம் வயதுக்காரர்கள் பலருக்குக் கே.பி. சுந்தராம்பாள் என்றாலே அந்தப் பாடல்தான் நினைவுக்கு வரும்.

1965இல் அந்தப் படம் வெளிவந்தபோது அவர் 55 வயதைத் தாண்டியிருந்தார். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே அவர் குரல் கிராமபோன் பெட்டி வழியாகத் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. அந்தப் பழைய கதை நமக்கு ஏன் முக்கியம்? பார்ப்போம்.

ரயிலில் கேட்ட குரல்

சுந்தராம்பாள் 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். தந்தையை இளம் வயதிலேயே இழந்த குடும்பம். வறுமை காரணமாகச் சிறுமி ரயிலில் பாடிக் காசு பெற்றாள் என்றும், ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி. நடேச ஐயர் அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்கு வழிகாட்டினார் என்றும் சொல்வார்கள். பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்தார்.

அந்தக் கால நாடக மேடையில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே நடிகர்கள் உச்ச சுருதியில், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழும்படி பாடினார்கள். இன்றைய பாடகர்கள் மைக்கின் அருகில் மெல்லிய குரலில் பாடினாலும் நமக்குக் கேட்கிறது. அன்று அப்படிப் பாடினால் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. பழைய பாடல்களைக் கேட்டு, "ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?" என்று சிரிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்று நிமிடக் கணக்கு

இந்தியாவில் கிராமபோன் பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் சூடு பிடித்தன. அன்று புகழ்பெற்ற கௌஹர் ஜான் போன்றோர் ஒரு பெரிய புனலுக்குள் தலையை நீட்டிப் பாடினார்கள். குரலின் அதிர்வு ஓர் ஊசியை அசைக்கும். ஊசி மெழுகில் கோடு கீறும். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை உலகில் பரவியது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் கொலம்பியா இசைத்தட்டுகளில் சுந்தராம்பாள் பாடியது இந்தப் புதிய காலத்தில்தான்.

தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம் மட்டுமே பாட்டு அடங்கும். நாடக மேடையிலோ நிலைமை வேறு. மக்கள் "ஒன்ஸ்மோர்" கேட்டால் ஒரே பாட்டு அரை மணி நேரம்கூட நீளும். அவ்வளவையும் 3 நிமிடத்துக்குள் சுருக்க வேண்டும். ஆலாபனை குறுகியது, பல்லவி சீக்கிரம் வந்தது. இன்றுவரை நம் சினிமாப் பாடல்கள் பெரும்பாலும் நான்கைந்து நிமிடத்தில் முடிகின்றன அல்லவா? அந்தப் பழக்கத்தின் வேர் இந்தத் தட்டில் இருக்கிறது.

கிட்டப்பா விட்டுச் சென்றது

1926இல் கொழும்பு மேடையில் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்தார்கள். 'வள்ளி திருமணம்' இருவருக்கும் பெரும் புகழ் தந்தது. அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால் 1933 டிசம்பரில் 27 வயதிலேயே கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலையும் திருநீறும்தான் அவருடைய அடையாளம். ஆண் நடிகர்களுடன் ஜோடி சேர்ந்து நடிப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்துவிட்டது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட அந்தக் குரலை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால், அதற்கு ஒரே காரணம் அவர் பாடிய இசைத்தட்டுகள். யாரோ சிலர் அவற்றை உடையாமல் காத்ததால் குரல் தப்பியது. தட்டுகள் இல்லையென்றால் 'நன்றாகப் பாடினாராம்' என்ற வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சுந்தராம்பாள் பாடுவதை நிறுத்தவில்லை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகத் தாமே ஆண் வேடம் ஏற்றார். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. படத்தில் நடிக்க விருப்பமில்லாததால், மறுத்துவிடுவார்கள் என்று நினைத்தே அவ்வளவு கேட்டதாகச் சொல்வதுண்டு.

சுழன்றபடி பேசிய அரசியல்

விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்தியடிகளையும் கதரையும் போற்றும் பாடல்கள் இசைத்தட்டுகளில் வந்தன. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுத, சுந்தராம்பாள் போன்ற நாடகக் கலைஞர்கள் பாடினார்கள். நாடகங்களைத் தடுக்க ஆங்கிலேய அரசிடம் 1876ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில் சுழலும் தட்டை எந்தக் காவலர் எத்தனை நாள் கண்காணிப்பார்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அரசியல் செய்தி பாட்டாகப் போய்ச் சேர்ந்தது. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக அவர் மேடை மேடையாகப் பாடினார். 1951இல் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார்.

1953இல் 'ஔவையார்', 1969இல் 'துணைவன்' என்று அவர் திரைப்பயணம் தொடர்ந்தது. துணைவனில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1980இல் மறைந்தார். மைக் இல்லாத மேடை, இசைத்தட்டு, பேசும்படம், பின்னணிப் பாடல் எனத் தொழில்நுட்பம் மூன்று முறை மாறியும் ஈடுகொடுத்த குரல் அது.

கிள்ளானுக்கு என்ன தொடர்பு?

மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரஜுலா போன்ற கப்பல்கள் பினாங்கைத் தொட்டுப் போர்ட் சுவெட்டன்ஹாம் வந்தன. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. ஆட்கள் வந்த வழியில்தான் புத்தகமும் நாடகமும் பாட்டும் வந்தன. கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். சாவி கொடுத்தால் பாடும். மின்விளக்கு வராத தோட்டத்திலும் அதைக் கேட்க முடிந்தது. எல்லா வீட்டிலும் பெட்டி இருந்திருக்காதுதான். ஆனால் ஒரு வீட்டில் பாடினால் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்குமே!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்தபோது, கனமான, எளிதில் உடையும் பொருள்களைத்தான் முதலில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். பழைய தட்டு அரக்கு கலந்தது. கைதவறி விழுந்தால் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும். பிழைத்த சில தட்டுகள் இன்னும் யாரோ ஒரு தாத்தாவின் அலமாரியிலோ பரணிலோ இருக்கலாம்.

அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

படுக்கையாக அடுக்காமல் நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஸ்பிரிட் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். இப்போது விற்கும் சாதாரண ரெக்கார்டு பிளேயரின் ஊசியை வைக்காதீர்கள். இந்தத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கென்று தனி ஊசி உண்டு. நடுவில் ஒட்டியுள்ள தாளில் பாடகர் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றைக் கைப்பேசியில் படம் எடுங்கள். யார் வாங்கியது, எங்கே வாங்கியது, எந்த வீட்டில் பாடியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தட்டில் பாட்டுதான் இருக்கும். இந்த விவரம் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

வரலாறு, ஊடகவியல், தமிழ்த்துறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு கிடைப்பது அரிது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தமிழ்மொழிக் கழகத்தின் வழியாகவே இதைத் தொடங்கலாம். இந்த வாரம் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பாட்டி, உங்கள் வீட்டில் யாரிடம் பாட்டுப் பெட்டி இருந்தது?"