கனத்த ஒலியும் சாத்திய ஜன்னலும்

ராக் இசையில் 'ஹெவி' என்கிறார்களே, அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? கிதாரின் ஒலியை உடைத்துப் பெருக்கினால் கனம் வந்துவிடும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் 1968இல் உருவான பிளாக் சாபத் குழுவின் கதை வேறு சொல்கிறது. அதன் கிதார்க் கலைஞர் டோனி ஐயோமி, 17 வயதில், தகட்டு ஆலை இயந்திரத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வாசித்தார். அழுத்துவதற்குச் சுலபமாகப் பின்னாளில் தந்திகளைத் தளர்த்தினார். ஒலி தாழ்ந்தது, இருண்டது. அந்த இருட்டுக்குள் ஓர் ஆலை இருக்கிறது.

சரி, நம்ம ஊர்க் கனத்துக்குள் என்ன இருக்கிறது?

2018 ஜனவரி 6, மார்கழி இன்னும் முடியவில்லை. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் ஒன்றுசேர்த்த 19 பேர். பெயர், அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற' என்னும் அடையாளத்திலிருந்து. எல்லோரும் சாம்பல்நிறக் கோட்டு சூட்டில். கானாப் பாடகர்களோடு இசைவாணி, ராப் பாட அறிவு. மின்கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் பறை, சட்டி, தவில். இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு.

நான் அன்று போகவில்லை. மயிலாப்பூரில் ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒலிப்பதிவில்தான் கேட்டேன். கூடக் கேட்ட நண்பர் சொன்னார்: "சத்தம் ஜாஸ்தி சார், சங்கீதம் எங்க?" எது இசை, எது சத்தம் என்று பிரிப்பதிலேயே அதிகாரம் இயங்குகிறது என்று ழாக் அத்தாலி 1977இல் எழுதினார். நண்பரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. எனக்கு அந்த அடி பரிச்சயமாக இருந்ததுதான் பிரச்சனை.

மயிலாப்பூரில் எங்கள் தெரு, சுடுகாட்டுக்குப் போகும் வழி. சாவு மேளம் தெருமுனையில் கேட்டதுமே பாட்டி, "ஜன்னலச் சாத்துடா" என்பாள். சாத்துவேன். கானா இப்படிப்பட்ட சாவுகளில், விடிய விடியப் பிணத்தருகே பாடி வளர்ந்த இசை என்பது அப்போது தெரியாது. சாத்தினாலும் மேளம் உள்ளே வரும். காரணம் எளியது: கூர்மையான ஒலிகளைச் சுவரும் கதவும் பெருமளவு தடுத்துவிடும், தாழ்ந்த அதிர்வுகளை அவ்வளவு தடுக்க முடியாது. சொல்லின் தெளிவு வெளியே நின்றுவிடும், அடி மட்டும் வந்து நெஞ்சில் விழும். இத்தனை வருஷம் நான் கேட்டது சொல் இல்லாத அடி. அதனால்தான் அது வெறும் பயமாக, தீட்டாக, 'சத்தமாக' இருந்தது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடை ஒலிபெருக்கி இந்தக் கனத்தை உண்டாக்கவில்லை. கனம் ஏற்கெனவே தெருவில் இருந்தது. வெளியே நின்றுபோன சொல்லை அது உள்ளே கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்றே ஒரு விழாவைத் தொடங்கியபோது, சொல் மட்டுமல்ல, மாதமும் கைமாறத் தொடங்கியது.

இதையெல்லாம் நான் ரசனை மாற்றம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த ஜன்னலைச் சாத்தியது என் கை.