லிஸ்பனில் அச்சேறிய தமிழ்

ஐரோப்பாவில் ஒரே ஒரு ஊரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எங்கே போவீர்கள்? பாரிஸா, லண்டனா? தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்வது லிஸ்பன்.

போர்ச்சுகலின் தலைநகரம் அது. மேடும் பள்ளமுமான தெருக்களில் மஞ்சள் டிராம் ஏறி இறங்கும். வீட்டுச் சுவரெல்லாம் நீல ஓவிய ஓடுகள். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் நமக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறியது நம் தமிழ். அச்சேறிய இடம், அதே லிஸ்பன்!

ஆண்டு 1554. நம் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் கிறிஸ்தவம் தழுவி ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகியிருந்த காலம். அப்போது அச்சேறியது, செபங்களைச் சொல்லித்தரும் சின்ன நூல், பெயர் 'கார்த்தில்யா'. தமிழுக்கு அன்று அச்செழுத்தே கிடையாது. அதனால் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து, போர்ச்சுக்கீசியப் பொருளோடு அச்சிட்டார்கள். அதை உருவாக்க உழைத்தவர்களில் தமிழர்கள் மூவர் உண்டு: வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பர்னாந்து, மச்சாது என்று இன்றும் நம் கடற்கரையில் கேட்கிறோமே, அதே மாதிரிப் பெயர்கள்! கடல் கடந்து போய், அச்சுக்கூடம் கண்டு, நம் மொழியை மைபூசிய தாளில் முதலில் பார்த்தவர்கள் அவர்கள். எனக்கு நினைக்கவே சிலிர்க்கிறது.

அந்த நூலின் பிரதி லிஸ்பனிலேயே பாதுகாக்கப்பட்டு வருகிறது.