கடிகாரத்தின் நடுக்கமும் வானொலி ஏற்பியின் இரைச்சலும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வெள்ளறடையில் மத்திய அலை வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிப் பழகிய முதியோர் ஓர் இடர்ப்பாட்டை நன்கு அறிவர். திருவனந்தபுரம் நிலையம் 1161 கிலோஹெர்ட்ஸில் உரத்து ஒலிக்கும். சற்றே தள்ளி, மலைக்கு அப்பாலுள்ள திருநெல்வேலி நிலையத்தை 1197 கிலோஹெர்ட்ஸில் நாடினால், பெட்டி தரமற்றதாயின் அண்டை நிலையத்தின் ஒலியே வந்து கலக்கும். வலிய அலையொன்று அருகிலிருக்க, மெலிய அலை அதனுள் அமிழ்ந்துபோகிறது.

இக்கால ஏற்பிகளில் இதே இடர்ப்பாடு எதிர்பாராத வேறொரு வாயில் வழியாகவும் நுழைகிறது. அவ்வாயில் கடிகாரமேயாகும்.

புதிய வகை ஏற்பியில் வானொலி அலை எண்களாக மாற்றப்படுகிறது. குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் கடிகாரம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும், மாற்றுக் கருவி அக்கணத்தில் அலையின் உயரத்தை அளந்து ஓர் எண்ணாகப் பதிகிறது. துடிப்புகள் சம இடைவெளியில் விழவேண்டும். ஒன்று சற்று முந்தியும் மற்றொன்று சற்றுப் பிந்தியும் விழுமாயின், அளந்த உயரம் பிழைபடும். இவ்வொழுங்கின்மைக்குப் பதற்றம், அதிர்வு எனப் பல சொற்களை எண்ணிப் பார்த்து, நடுக்கம் என்பதையே இங்குக் கொண்டுள்ளோம். அதிர்வு என்றால் அலையோடு குழம்பும், பதற்றமோ மனிதர்க்குரியது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். 1 மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஊசலாடவிட்டு, பின்னே ஓர் அளவுகோலை வைக்கவும். ஒரு மாணவர் மேசையைத் தட்ட, மற்றொருவர் அக்கணத்தில் கல் நின்ற இடத்தைக் குறிக்கட்டும். தட்டுதல் சற்றுப் பிசகினாலும், கல் திரும்பும் ஓரங்களில் பிழை சிறிதாகவே இருக்கும். அது விரைந்து கடக்கும் நடுவிடத்தில் பிழை பெரிதாகும். பிறகு நூலை 25 சென்டிமீட்டராகக் குறைத்து, வீச்சை மாற்றாது ஆட்டினால், ஊசல் இருமடங்கு விரைவு கொள்ளும். அதே கைப்பிசகு இருமடங்கு பிழை தரும். அலைவெண் உயர உயர, அதே நடுக்கம் மிகுந்த தீங்கு செய்கிறது என்பதே இதன் பொருள்.

எண்களால் காண்போம். கடிகாரத்தின் சராசரி நடுக்கம் 100 பிக்கோ செகண்டு என்க. அந்நேரத்தில் ஒளியே 3 சென்டிமீட்டர்தான் செல்லும். இதனால் எழும் இரைச்சல், 1161 கிலோஹெர்ட்ஸ் அலையைவிட ஏறத்தாழ 63 டெசிபல் தாழ்ந்திருக்கும், பொருட்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவில் பண்பலையின் 101 மெகாஹெர்ட்ஸில் இவ்விடைவெளி 24 டெசிபலாகச் சுருங்குகிறது. 326.5 மெகாஹெர்ட்ஸில் 14 டெசிபலே எஞ்சும்.

இக்கடைசி அலைவெண் உதகமண்டலத்து வானொலித் தொலைநோக்கிக்குரியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையில் அமைந்து, 1970 முதல் இயங்கிய இக்கருவி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே சரிவுள்ள மலையைத் தேர்ந்து அமைத்தமையால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பி விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். நில அமைப்பையே கருவியின் உறுப்பாக்கிய இத்திறனை எத்துணை முறை கூறினும் தகும்.

அங்கு வந்து சேரும் விண்ணலைகள் மிக மெலிந்தவை. 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை வானொலி வானியலுக்கென ஒதுக்கப்பட்டதாயினும், அதன் இருபுறமும் மனிதரின் ஒலிபரப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று மாற்றுக் கருவியுள் புகுந்தால், கடிகார நடுக்கம் அதன் ஆற்றலில் ஒரு பங்கைப் பட்டை முழுவதும் தூவிவிடுகிறது. மெலிய அலையை நடுக்கம் நேரடியாகக் கெடுப்பது அற்பமே. வலிய அண்டை அலையிலிருந்து சிதறிய இரைச்சலே அதனை மூடுகிறது. எண்ணாக மாறியபின் இவ்விரைச்சலை எந்த வடிகட்டியாலும் பிரித்தெடுக்க இயலாது. ஆகையால் வடிகட்டி மாற்றுக் கருவிக்கு முன்னரே இருத்தல் வேண்டும்.

விலையுயர்ந்த மாற்றுக் கருவியை வாங்குவதாலும் குறை தீராது. 12 பிட் கருவி கொள்கையளவில் 74 டெசிபல் தெளிவு தரவல்லது. ஆயினும் 326.5 மெகாஹெர்ட்ஸில் கடிகாரம் 1 பிக்கோ செகண்டு நடுங்கினாலே 54 டெசிபலுக்கு மேல் தெளிவு கிட்டாது. 9 பிட் அளவு வேலையைக்கூட அது முழுமையாகச் செய்யாது. கடிகாரத்திற்குச் செலவிடாமல் பிட்டுகளுக்குச் செலவிடுவது வீண்.

பரிகாரங்களுள் முதன்மையானது, அலைவெண்ணைத் தாழ்த்தியபின் அளத்தல். உதகையில் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலை 30 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கப்பட்டது. அவ்வளவில் 100 பிக்கோ செகண்டு நடுக்கமும் 34 டெசிபலுக்கு மேல் இடைவெளி விடும். ஆனால் இறக்குவதற்குப் பயன்படும் அலையியற்றியும் நடுங்கக்கூடாது. இல்லையெனில் நோய் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறியதாகவே முடியும்.

மற்றவை கைவேலையின் தூய்மையைப் பொறுத்தவை. கடிகாரத் துடிப்பின் விளிம்பு செங்குத்தாக எழவேண்டும். சாய்ந்த விளிம்பில் சிறு மின்னிரைச்சலும் நேரப் பிழையாகிவிடும். படிகத்தை மாற்றுக் கருவிக்கு அருகே வைத்து, தனி மின்வழங்கி தருதல் நன்று. பிற எண்முறைச் சுற்றுகளின் ஊடே கடிகாரக் கம்பியைக் கொண்டுசெல்வது பெருந்தவறு.

புனேயை அடுத்த கோடாட்டில் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அங்கு 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் 25 கிலோமீட்டர் வரை பரவியுள்ளன. ஒவ்வொன்றிலும் தனிக் கடிகாரம் வைத்து எண்ணாக்கினால் அவை ஒன்றுக்கொன்று விலகும். எனவே அலைகளை ஒளியிழை வழியே நடுக்கட்டடத்திற்குக் கொணர்ந்து, அங்குப் பொதுக் கடிகாரத்தால் அளக்கின்றனர். கடிகாரம் மெல்ல வழுவினாலும் எல்லாம் ஒருங்கே வழுவுவதால், ஒப்பீட்டில் அப்பிழை பெரும்பாலும் நீங்குகிறது. விரைந்த நடுக்கத்திற்கு இம்மருந்து போதாது.

களப்பணியாளர் குறையின் இடத்தைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. தூய ஒற்றை அலையை ஏற்பிக்குள் செலுத்தி இரைச்சலை அளக்கவும். பிறகு, செலுத்தும் அலையின் வலிமையை மாற்றாது அலைவெண்ணை மட்டும் இருமடங்காக்கவும். இரைச்சல் 6 டெசிபல் அளவு உயருமாயின், ஏற்பியின் கடிகாரத்தையே முதலில் ஐயுறலாம். உயரவில்லையெனில், கடிகாரத்தை விட்டுவிட்டுப் பெருக்கியையும் மின்வழங்கியையும் திறந்து பார்க்கவும்.